பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே கிரில் கார்டும் வின்ச்சும் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது மத்திய டெக்சாஸில், ஊருக்குச் சற்று வெளியே. வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150, ஐந்து லிட்டர் வி8. வீட்டு வாசலில் வைத்து நானும் என் மச்சினனும் இதற்கு கிரில் கார்டும் வின்ச்சும் மாட்டினோம். (வின்ச் என்பது, கயிற்றின் நுனியை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, மோட்டாரால் அதை டிரம் என்கிற உருளையில் சுற்றி, சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும் கருவி.) அதற்குப் பிறகு கோவில் பார்க்கிங்கில் நின்றாலும் சரி, பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் சரி, வண்டியைச் சுற்றி வந்து கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கிரில் கார்டு, புல் பார், வின்ச் பம்பர் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஊரில் முன்னால் எந்தக் கம்பி இருந்தாலும் 'பம்பர் கார்டு' என்று முடித்துவிடுவோம். வாங்கப் போகும்போது அந்தப் பழக்கம் காசைக் கரைத்துவிடும்.

புல் பார் என்பது நடுவில் மட்டும் வளைந்து நிற்கும் குழாய். ஹெட்லைட்டுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. கிரில் கார்டு, கிரில்லையும் இரண்டு ஹெட்லைட்டையும் சேர்த்துக் காக்கும். வண்டியோடு வந்த பம்பர் அப்படியே இருக்கும். வின்ச் பம்பர் என்றால் பழைய பம்பரை முழுதாகக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கனத்த இரும்புப் பம்பரையே வைப்பது. வீட்டில் இரண்டு பேர் ஒரு நாளில் முடிக்கக்கூடியது கிரில் கார்டுதான். அதிலும் வின்ச் வைக்கும் தட்டோடு சேர்த்து வரும் ரகம் தனியாக இருக்கிறது. நான் மாட்டியது அந்த ரகம்.

உண்மையிலேயே தேவையா, இல்லை பந்தாவா?

பாதிப் பேருக்குப் பந்தாதான், மறைப்பதற்கு என்ன. டவுனுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு இது வெட்டிச் சுமை. பெட்ரோலும் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்.

ஆனால் இங்கே மான் ஒரு நிஜமான தொல்லை. டெக்சாஸில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் வெள்ளைவால் மான்கள் இருக்கின்றன. அக்டோபர், நவம்பர் இணை சேரும் காலம். அப்போது பொழுது சாயும் நேரத்திலும் விடிகாலையிலும் கண்மண் தெரியாமல் சாலைக்குள் பாயும். மோதினால் கிரில், ஹெட்லைட், ரேடியேட்டர் மூன்றும் போய்விடும், வண்டி நடுக்காட்டில் நிற்கும். இங்குள்ள பண்ணைக்காரர்கள் வண்டிகளில் கார்டு இல்லாததைப் பார்ப்பதே அபூர்வம். கார்டுக்குப் பேர் போன ரேஞ்ச் ஹேண்ட் நிறுவனம்கூட இந்த மாநிலத்தின் ஷைனர் என்கிற சிற்றூரில்தான் இருக்கிறது.

வின்ச் வேறு கதை. மழை பெய்தால் களிமண்ணாகிவிடும் பண்ணைப் பாதை, ஆற்று ஓரம், வேட்டைக் குத்தகை நிலம் இப்படி எங்காவது அடிக்கடி போகிறவர்களுக்குத்தான் வின்ச்.

ஏற்கெனவே கிரில் கார்டு இருக்கிறது. அதிலேயே ஒரு தட்டை வெல்டிங் வைத்து வின்ச்சை மாட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மான் மோதும்போது கார்டு தாங்க வேண்டியது ஒரு நொடி அடி, அதுவும் முன்னிருந்து பின்னால் தள்ளும் அடி. வின்ச் கொடுப்பது நேர் எதிர்த் திசையில், நிமிடக் கணக்கில் நீடிக்கும் இழுவை. 12,000 பவுண்டு வின்ச் என்றால் கிட்டத்தட்ட ஐந்தரை டன். அந்த விசை மரத்தில் ஆரம்பித்து, கயிறு வழியாக டிரம்முக்கு வந்து, வின்ச்சின் கால்களில் உள்ள நாலு போல்ட்டுக்கு வந்து, தட்டுக்கு வந்து, இரண்டு பக்கத்து பிராக்கெட்டுக்கு வந்து, கடைசியில் சேசிஸில் போய் அடங்க வேண்டும். நடுவில் எது நோஞ்சானோ அது பிய்ந்து வரும். பிய்ந்ததும் சும்மா கீழே விழாது, கயிறு போகிற திசையில் பறக்கும்.

சாதாரண கிரில் கார்டின் குழாய் சுவரும் பிராக்கெட்டும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தெரு ஓர வெல்டிங்கை அதன்மேல் வைப்பது, கூரைக்குப் போட்ட கம்பியில் தூளி கட்டுவது மாதிரி. வின்ச் தாங்கும் என்று தயாரித்தவரே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், எத்தனை பவுண்டு வரை என்ற எண்ணோடு. அந்த எண் உங்கள் வின்ச்சின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் இரண்டில் ஒன்றை மாற்றுங்கள்.

எத்தனை பவுண்டு வின்ச் வாங்குவது?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண்: ஆள், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி இருக்கலாம் என்கிற உச்ச எடை. அதை ஒன்றரையால் பெருக்கினால் குறைந்தபட்ச வின்ச் அளவு. என் வண்டிக்கு 7,000 பவுண்டு. ஒன்றரை மடங்கு 10,500. அந்த அளவில் கடையில் வருவது 12,000 என்பதால் அதை வாங்கினேன்.

வண்டி எடையே போதாதா என்று மச்சினன் கேட்டான். சமதளத்தில் உருட்ட அதில் ஒரு சின்னப் பங்கு போதும். ஆனால் 3,000 கிலோ வண்டியை 30 டிகிரி சரிவில் நிறுத்திப் பாருங்கள், ஈர்ப்பு மட்டுமே 1,500 கிலோ பின்னால் இழுக்கும். அதோடு சேறு. அமெரிக்க ராணுவத்தின் மீட்பு வேலைக் கணக்குப்படி, சக்கரம் முழுகும் ஆழத்துக்குச் சேற்றில் இறங்கினால் எதிர்ப்பு வண்டி எடைக்குச் சமம். ஃபெண்டர் (மட்கார்டு) வரை இறங்கினால் இரண்டு மடங்கு.

இன்னொரு விஷயம், பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் டிரம்மில் முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போதுதான் கிடைக்கும். மேலே ஒவ்வொரு அடுக்கு ஏற ஏற டிரம்மின் விட்டம் கூடும், இழுக்கும் சக்தி குறையும். நாலாவது அடுக்கில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். அதனால் பக்கத்தில் இருக்கும் மரத்தைவிடத் தூரத்து மரம் நல்லது. கயிறு நிறைய வெளியே போய்விடும் அல்லவா.

இரும்பு வடமா, செயற்கைக் கயிறா?

என் ஓட்டு கயிறுக்கு. டைனீமா போன்ற பாலிஎத்திலீன் இழைக் கயிறு, 3/8 அங்குலத் தடிமனில் நூறடி, இரண்டு கிலோவுக்குள் அடங்கும். அதே அளவு இரும்பு வடம் பதினோரு கிலோ. வடத்தில் கம்பி பிசிறு எழுந்து கையைக் கிழிக்கும். அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். கயிறு அறுந்தால் பெரும்பாலும் தொப்பென்று விழும். முழுக்க ஆபத்து இல்லை என்று அர்த்தம் அல்ல. அதன் நுனியில் கொக்கி இருந்தால் அது கல் மாதிரி வரும்.

கயிற்றின் குறை, வெயிலும் உரசலும் ஆகாது. டெக்சாஸ் வெயிலில் மூடி போடாமல் விட்டால் நிறம் வெளுத்து மேல் இழை பஞ்சு பஞ்சாகும். சூடும் ஆகாது: 145 டிகிரி செல்சியஸ் சுமாருக்கே உருகத் தொடங்கிவிடும். பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்கு உள்ளேயே இருக்கிறது. சரிவில் வண்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு மோட்டாரால் மெல்ல இறக்கினால் அந்த பிரேக் கொதிக்கும். அடி அடுக்குக் கயிறு அதன்மேல் ஒட்டியிருக்கும். அதனால் கயிறு போட்டவர்கள் அந்த வேலையே வேண்டாம்.

கயிறு வெளியே வரும் வாய்க்கு ஃபேர்லீட் என்று பேர். வடத்துக்கு உருளை வைத்த ஃபேர்லீட், கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட். வடம் ஓடிய பழைய உருளையில் கயிற்றைப் போட்டால் அதிலுள்ள கீறல்களே அறுத்துவிடும்.

முன்னால் ரேடார், கேமரா இருக்கும் வண்டியில் மாட்டலாமா?

வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும் குரூஸ் கன்ட்ரோல், தானே பிரேக் அடிக்கும் வசதி இவற்றுக்கான ரேடார் முன்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். 2018 முதல் 2023 வரை வந்த டொயோட்டா டகோமாவில் கிரில் நடுவில் இருக்கும் டொயோட்டா சின்னத்துக்குப் பின்னால். அதன் நேர் முன்னே ஒரு குழாயோ வின்ச்சோ வந்தால் ரேடாருக்குக் கண்ணைக் கட்டியது மாதிரி. விளக்கு எரிந்து எச்சரித்தால் அதிர்ஷ்டம். தப்பாகக் கணித்து நெடுஞ்சாலையில் பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் வண்டியில் ரேடார் இல்லை, அதனால்தான் தைரியமாக இறங்கினேன். உங்களுடையதில் இருந்தால், அந்த மாடலுக்கு ரேடாரை மறைக்காமல் செய்த கார்டு கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

காற்றோட்டமும் அப்படித்தான். டர்போ இன்ஜின் வைத்த எஃப்-150 எக்கோபூஸ்ட் வண்டிகளில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கீழே பம்பர் திறப்புக்குப் பின்னால் இருக்கும். வின்ச் அதை அடைத்தால், டிரெய்லர் கட்டி மேடேறும்போது சூடு காட்டும்.

எடை கூடுவதால் முன்பக்கம் தாழாதா?

தாழும். என் கார்டு அறுபது கிலோவுக்கு மேல், வின்ச் முப்பது சொச்சம். ஒரு பெரிய ஆளை எப்போதும் பானெட் முனையில் உட்கார வைத்த மாதிரி. கதவு ஸ்டிக்கரிலேயே முன் அச்சு தாங்கும் எடையும் இருக்கும், அதைப் பாருங்கள். எனக்கு மாட்டிய பிறகு முன்பக்கம் ஆறு நூல் இறங்கியது. (நம் பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம்; இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது புரியாது.) ஸ்பிரிங் மாற்றவில்லை, ஹெட்லைட் மட்டத்தை மட்டும் திருத்தினேன்.

என்னென்ன கருவி வேண்டும்?

மில்லிமீட்டர் சாக்கெட் செட், நீட்டுக் கம்பியோடு, எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், சக்கரம் வைத்த ஜாக்கி ஒன்று, கேபிள் கட்ட டை, மறையில் ஊற்றும் நீல நிற லாக்டைட், மாஸ்கிங் டேப், ரசமட்டம், இரண்டு பழைய போர்வை. அப்புறம் ஓர் ஆள். தனியாளாகச் செய்தேன் என்று பெருமை பேசுபவர்களின் பம்பரைப் பாருங்கள், கீறல் இருக்கும்.

கார்டை மாட்டும் வேலை எப்படிப் போகும்?

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை, பிராக்கெட்டைக் கையில் எடுத்துப் போய்ச் சேசிஸில் வைத்துப் பார்ப்பது. எனக்கு இணையத்தில் விற்றவர் அனுப்பிய முதல் பெட்டியில் கார்டு சரி, பிராக்கெட் 2014 மாடலுக்கானது. 2015ல் எஃப்-150க்கு உடம்பு அலுமினியமாக மாறியது, கூடவே சேசிஸும் புதிது. ஓட்டை ஒன்றுகூடச் சேரவில்லை. பத்து நாள் போச்சு. நல்லவேளை வண்டியில் எதையும் கழற்றுவதற்கு முன் பார்த்தேன்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் சென்சார்கள் முன்பக்கத்தில் இருக்கின்றன. பல வண்டிகளில் பிராக்கெட் போகும் இடம், கட்டி இழுக்கும் கொக்கி இருக்கும் அதே இடம். சேசிஸின் இரண்டு நீட்டல்களின் முனை அது. கொக்கியைக் கழற்றி அந்த போல்ட்டுகளிலேயே பிராக்கெட்டைக் கோர்ப்பார்கள். சில கார்டுகளில் கொக்கி திரும்பிப் போட இடமே இருக்காது. அப்படியானால் உங்கள் வண்டியை யாராவது இழுக்க வேண்டி வந்தால் எதில் கட்டுவார்கள்? பிராக்கெட்டிலேயே ஷேக்கிள் (இழுவைக் கயிறு மாட்டும் இரும்பு வளையம்) போடும் காது இருக்கிற கார்டாகப் பாருங்கள்.

பிராக்கெட் போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகி விடுங்கள், முறுக்க வேண்டாம். பம்பர் ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கார்டைப் போர்வை சுற்றி ஜாக்கிமேல் வைத்து மெல்ல உருட்டிக் கொண்டுவந்து, உயர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போல்ட்டைக் கோர்க்க வேண்டும். இதுதான் இன்னோர் ஆள் தேவைப்படும் இடம். கோர்த்ததும் பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். எங்களுக்கு ரசமட்டத்தில் குமிழி நடுவில்தான் நின்றது. ஆனால் மச்சினன் ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "அத்தான், உங்க பக்கம் ரெண்டு நூல் தூக்கிட்டு நிக்குது" என்றான். பிறகுதான் உறைத்தது, வாசல் தளமே தண்ணீர் ஓடச் சரிவாகப் போட்டது. வண்டி சாய்ந்து நிற்கும்போது கார்டு ரசமட்டத்துக்கு நேராக இருந்தால் வண்டிக்குக் கோணலாகத்தானே இருக்கும். ரசமட்டத்தை ஓரம் வைத்துவிட்டு, பானெட் விளிம்பிலிருந்து டேப்பால் அளந்து சரி செய்தோம்.

அப்புறம் பானெட்டைத் திறந்து மூடிப் பாருங்கள், இடிக்கிறதா என்று. கார்டுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும். சேசிஸ் முறுகும்போது இரண்டும் தனித்தனியே அசையும். எல்லாம் சரி என்றால்தான் முறுக்குவது, கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு, இடமும் வலமும் மாற்றி மாற்றி.

வின்ச்சைத் தட்டில் உட்கார வைப்பதில் கவனிக்க வேண்டியது?

இந்த ரக வின்ச்சுகளில் பெரும்பாலானவற்றின் கால் ஓட்டைகள் ஒரே கணக்கு: நீளவாக்கில் 10 அங்குலம், குறுக்கே 4.5 அங்குலம். அதனால் தட்டில் சேரும். சேர்ந்த பிறகு, டிரம்மை விடுவிக்கும் கிளட்ச் கைப்பிடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கார்டு குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், சேற்றில் நின்று அதைத் திருப்ப முடியாது. பல வின்ச்சுகளில் கியர் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி அதை வேறு கோணத்துக்குச் சுற்றி வைக்கலாம். தட்டில் போடுவதற்கு முன்பே, மேசைமேல் வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

போல்ட் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு வந்த நாலு போல்ட்டும் குட்டையாகத் தெரிந்தன. நீளமாக இருந்தால் நன்றாகப் பிடிக்குமே என்று கடையில் அரை அங்குலம் நீளமானதை வாங்கி வந்து முறுக்கினேன். மூன்றாவது போல்ட்டில் டார்க் ரெஞ்ச் 'டக்' என்றது, சரி என்று விட்டேன். மறுநாள் வின்ச்சைக் கையால் ஆட்டினால் ஆடுகிறது. போல்ட்டின் நுனி ஓட்டையின் அடியில் போய் முட்டியிருக்கிறது. ரெஞ்சுக்கு அது இறுகின மாதிரி தெரிந்தது, ஆனால் தலைக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி. இன்னும் இரண்டு சுற்று பலம் போட்டிருந்தால் அலுமினிய உடம்பில் மறை போயிருக்கும், வின்ச்சே வீண். அந்தக் குட்டை போல்ட்டுகளையே திரும்பப் போட்டேன்.

போல்ட் தலையையும் பாருங்கள். அங்குல போல்ட்டில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8, கோடே இல்லையென்றால் பறவைக்கூண்டு மாட்டலாம். மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8, 10.9 என்று பொறித்திருக்கும்.

வயரிங் நானே செய்யலாமா? கரண்ட் என்றால் பயம்.

பன்னிரண்டு வோல்ட் உங்களுக்கு ஷாக் அடிக்காது. நெருப்பு வைக்கும்.

முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். கணக்குப் போட்டால் அது ஊரில் கிணற்றுப் பம்புசெட்டுக்கு இருக்கும் ஐந்து எச்.பி. மோட்டாரைவிடக் கூடுதல். அந்த மோட்டாருக்கு மூன்று பேஸ் லைன் வருகிறது, இங்கே எல்லாம் ஒரு கார் பேட்டரியிலிருந்து. கேபிள் கட்டைவிரல் தடிமனில் இருப்பதன் காரணம் அதுதான். பெட்டியில் வந்த கேபிளை வெட்டவோ மெல்லியதால் நீட்டவோ கூடாது. ஆல்டர்னேட்டர் கொடுப்பது இதில் பாதிகூட இருக்காது, மிச்சம் பேட்டரியிலிருந்துதான். அதனால் இழுக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தி மோட்டாரையும் பேட்டரியையும் மூச்சுவிட வைக்க வேண்டும்.

பிளஸ் கேபிள் நேராக பேட்டரிக்கு. மைனஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். புது வண்டிகளில் பேட்டரி மைனஸ் முனையில் கறுப்பாகச் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும், பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார். முனையிலேயே கேபிளைப் போட்டால் வின்ச் எடுக்கும் கரண்ட் சென்சாருக்குத் தெரியாது. பேட்டரி நிரம்பியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். வின்ச் கையேடு 'பேட்டரியில்' என்று சொல்லும், வண்டிக் கையேடு 'சென்சாரைத் தாண்டி எர்த்தில்' என்று சொல்லும். நான் வண்டிக் கையேட்டைக் கேட்டேன், சென்சாருக்கு மறுபக்கம் சேசிஸ் எர்த்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் போட்டேன்.

கேபிள் போகும் வழிதான் உயிர். ரேடியேட்டர் ஓரத்தில் தகட்டு விளிம்பைத் தாண்டும் இடத்தில் நான் வெறும் டை மட்டும் கட்டியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துக் கழுவும்போது பார்த்தால் அந்த விளிம்பு ரப்பரைப் பாதி தின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் செம்பு தகட்டில் பட்டு ஷார்ட். வண்டி ஓடும்போதே எரிந்திருக்கும். இப்போது அங்கே கெட்டி ரப்பர் குழாயைப் பிளந்து கேபிள்மேல் சுற்றி, கிளாம்ப் அடித்திருக்கிறேன். விசிறி, பெல்ட், எக்ஸாஸ்ட் மூன்றுக்கும் பக்கத்தில் போகக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபியூஸ் வேண்டாமா?

ஸ்டார்ட்டர் மோட்டார் கேபிள் மாதிரி இதற்கும் பெரும்பாலான நிறுவனங்கள் ஃபியூஸ் தருவதில்லை. ஆனால் பேட்டரிக்குப் பக்கத்தில் பிளஸ் கேபிளில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள், அந்த ஆம்பியரைத் தாங்குவதாக. வின்ச் தேவைப்படாத நாளெல்லாம் அந்தக் கேபிளில் கரண்டே இருக்காது. கேபிள் உரசியதைப் பார்த்த அன்றே போட்டேன்.

புதுக் கயிறு சுற்றித்தானே வருகிறது, அப்படியே உபயோகிக்கலாமா?

கூடாது. தளர்வாகச் சுற்றி வரும். அப்படியே பலமாக இழுத்தால் மேல் அடுக்கு கீழ் அடுக்கைப் பிளந்து உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும். காலியான, லேசாக மேடேறும் இடத்துக்குப் போங்கள். கயிற்றைக் கிட்டத்தட்ட முழுக்க வெளியே விட்டு, ஒரு மரத்தில் அகலத் துணிப்பட்டை போட்டுக் கட்டி, வண்டியைத் தானே மேட்டில் இழுத்து வரச் செய்யுங்கள். ஓட்டுநர் பிரேக்கைத் துளி தொட்டபடி இருந்தால் கயிறு விறைப்பாகவும் அடுக்காகவும் சுற்றும். டிரம்மில் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டியது இரும்பு வடமானால் ஐந்து சுற்று, கயிறானால் பத்து. நுனியை டிரம்மோடு பிடித்திருக்கும் அந்தச் சின்னத் திருகாணி எந்தப் பாரத்தையும் தாங்காது, சுற்றுகளின் உராய்வுதான் தாங்குகிறது.

நம்பர் பிளேட்டை வின்ச் மறைக்கிறதே?

டெக்சாஸில் முன்னாலும் பின்னாலும் பிளேட் கட்டாயம். ஃபேர்லீட்டில் மாட்டி மடக்கி விரிக்கும் பிராக்கெட் விற்கிறது. வாங்கிவிடுங்கள், போலீஸ்காரருக்கு நிறுத்த ஒரு சாக்கு குறையும்.

வாரண்டி போய்விடுமா?

கார்டு மாட்டிய ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. 1975ல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டம் அதற்குத்தான். ஆனால் நீங்கள் போட்ட வயரிங்கால் போன சாமானுக்கு அவர்கள் பொறுப்பில்லை. காப்பீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விபத்தில் கார்டுக்கும் வின்ச்சுக்கும் காசு வராது.

முதல் தடவை இழுக்கும்போது எது முக்கியம்?

ஆட்களைத் தள்ளி நிறுத்துவது. கயிறு எவ்வளவு நீளம் வெளியே இருக்கிறதோ அதைவிடக் கூடுதல் தூரத்தில், பக்கவாட்டில். விறைத்த கயிற்றைத் தாண்டி யாரும் நடக்கக்கூடாது. கயிற்றின் நடுவில் ஒரு கனத்த போர்வை அல்லது அதற்கென்று விற்கும் டேம்பர், அறுந்தால் தெறிப்பை அடக்க.

மரத்துக்கு அகலத் துணிப்பட்டை. கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அதன்மேலேயே கொக்கி போடுவதைப் பலர் செய்கிறார்கள். மரப்பட்டையும் போகும், கயிறும் போகும். இன்னொரு வண்டியை இழுக்கும்போது அதன் டிரெய்லர் குண்டில் மாட்டாதீர்கள். அந்த இரும்புக் குண்டு ஒடிந்தால் பீரங்கிக் குண்டுதான். கண்ணாடியைத் துளைத்து உள்ளே வந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். கொக்கியைக் கடைசி அடியில் உள்ளே இழுக்கும்போது அதில் கட்டியிருக்கும் சின்ன வாரைப் பிடியுங்கள், விரல் ஃபேர்லீட்டுக்குள் போக வேண்டாம்.

சக்தி போதவில்லை என்றால் திறந்து மூடும் கப்பி ஒன்றை மரத்தில் கட்டி, கயிற்றை அதன் வழியே திருப்பி உங்கள் வண்டியின் ஷேக்கிளிலேயே கொண்டுவந்து மாட்டுங்கள். கிணற்றுக் கப்பி திசையை மட்டும்தான் மாற்றும். இங்கே கயிற்றின் இரண்டு பக்கமும் வண்டியை இழுப்பதால் பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வேகம் பாதி.

ஊரில் இருக்கும் தம்பி தன் ஹைலக்ஸுக்கும் மாட்டக் கேட்கிறான். அனுப்பட்டுமா?

அனுப்பாதீர்கள். இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இந்தக் கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காரணமும் நியாயமானது. ஆள் நடக்கிற சாலையில், மோதும் வண்டியின் முன்னே இரும்புக் குழாய் இருந்தால் அடிபடுகிறவர் பிழைக்கும் வாய்ப்பு குறையும். வண்டி கசங்கி அடியை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் அது கெடுக்கும்.

இவ்வளவு பாடுபட்டீர்களே, இதுவரை எத்தனை தடவை உபயோகித்தீர்கள்?

நான்கு தடவை. என் வண்டி ஒரு தடவைகூடச் சேற்றில் மாட்டவில்லை. மூன்று தடவை அடுத்தவர் வண்டி, எல்லாம் மழைக்காலம். நான்காவது, பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிப்போட்ட ஓக் மரத்தின் அடிக்கட்டை. கையேட்டில் செய்யாதே என்று போட்டிருந்தும் செய்தேன். கட்டை அசையவில்லை, என் வண்டிதான் அவர் புல்தரையைக் கீறிக்கொண்டு இரண்டடி ஊர்ந்து போனது. புல் விதை வாங்கிக் கொடுத்தேன்.